கவுண்டர் முதல் கோவெண்டர் வரை: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பப் பெயரொன்றின் தோற்றமும் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் வழக்கில் இல்லாததும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மிகப் பரவலாக அறியப்பட்டதுமான குடும்பப் பெயர் 'கோவெண்டர்'. இப்பெயர் 'கவுண்டர்' என்னும் பட்டப்பெயரின் திரிந்த வடிவம் என்பதை ஒலியியல், எழுத்துமுறை, குடிபெயர்வு வரலாறு ஆகியவற்றின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பந்தக் கூலிமுறைக் காலத்தில் ஒரு பட்டம் எவ்வாறு தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயராக நிலைபெற்றது என்பதும், அப்பெயரின் இன்றைய நிலப்பரவலுக்கு எவ்வகைச் சட்டங்கள் காரணமாயின என்பதும் ஆராயப்படுகின்றன. இப்பெயரைக் கொண்டு ஒருவரின் சாதியையோ பூர்விக மாவட்டத்தையோ உறுதிசெய்ய இயலாது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

முதன்மைச் சொற்கள்: குடும்பப் பெயர், பட்டப்பெயர், நட்டால், ஒப்பந்தக் கூலிமுறை, பெயராய்வு, புலம்பெயர் தமிழர்.

முன்னுரை

தமிழர் பெயரிடு மரபில் குடும்பப் பெயர் என்பது இயல்பான உறுப்பு அன்று. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு இயற்பெயரை எழுதுவதே தமிழ்நாட்டில் இன்று நிலவும் பெருவழக்கு. மகனின் தலைப்பெழுத்து பேரனுக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறுகிறது. பிள்ளை, முதலியார், செட்டியார், கவுண்டர், படையாட்சி முதலியன இயற்பெயருக்குப் பின் வந்த பட்டங்களேயன்றி, மேலைநாட்டு வழக்கில் அமைந்த குடும்பப் பெயர்கள் ஆகா.

இம்மரபிலிருந்து கடல் கடந்து சென்றோர், குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய ஆட்சி அமைப்புகளுக்குள் வாழ நேர்ந்தபோது, பெயரின் ஏதேனும் ஓர் உறுப்பு நிலையான குடும்பப் பெயராக உறைய வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் இவ்வாறு உறைந்தவற்றுள் நாயுடு, பிள்ளை, முதலி, செட்டி, படையாட்சி ஆகியவற்றின் மூலத்தைத் தமிழறிந்தோர் கேட்ட அளவிலேயே உணர்வர். 'கோவெண்டர்' என்பது அவ்வாறு எளிதில் அடையாளம் காணத்தக்கதாக இல்லை. தமிழில் எழுதும்போது 'கோவேந்தர்' என்றோ 'கோவிந்தர்' என்றோ எழுத நேர்வதும் உண்டு. முதல் வடிவம் அரசர் என்னும் பொருளையும், இரண்டாம் வடிவம் இறைப்பெயரையும் ஏற்றிவிடுகின்றன. இரண்டுமே பெயரின் வரலாற்றை மறைப்பவை. எனவே இப்பெயரின் மூலத்தைத் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

'கவுண்டர்' என்னும் சொல்

கவுண்டர் என்பது ஊர்த்தலைமையைக் குறித்த சொல். கன்னடக் கல்வெட்டுகளில் 'காமுண்ட', 'காவுண்ட' என்னும் வடிவங்கள் ஊர்த்தலைவரைக் குறிக்க இடம்பெறுகின்றன. இவற்றின் பிற்கால வடிவமே கன்னடத்தில் இன்று வழங்கும் 'கௌட' என்பது. கொங்குப் பகுதிக் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்னும் வடிவம் காணப்படுகிறது. மகரம் வகரமாதலும், முதல் நெடில் குறுகுதலும் நிகழ்ந்து 'கவுண்டன்' என்னும் வடிவம் தமிழில் நிலைபெற்றது. உயர்வுப் பன்மை விகுதி பெற்ற வடிவம் 'கவுண்டர்'.

இச்சொல்லின் முதலெழுத்தைத் தமிழர் வல்லொலியாக அன்றி, அதிர்வுடைய மெல்லிய ககரமாகவே பேச்சில் ஒலிக்கின்றனர். மொழிமுதற் ககரம் தமிழில் அதிர்விலா ஒலியாக வருவதே இயல்பாதலின், இவ்வொலிப்பு இச்சொல்லின் கன்னடத் தொடர்பைக் காட்டும் அடையாளமாக எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தில் இப்பெயர் பெரும்பாலும் 'கே' என்னும் எழுத்தால் தொடங்காமல் 'ஜி' என்னும் எழுத்தால் தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

பட்டமும் சாதியும்

கவுண்டர் என்றவுடன் கொங்கு வேளாளரை மட்டும் கருதுவது இன்றைய பொதுப்புரிதல். ஆனால் இது ஒரே சாதிக்கு உரிய பட்டமாக இருந்ததில்லை. 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகள் இதனைப் பல சாதியினரின் பட்டமாகவே குறிக்கின்றன. கொங்கு வேளாளர், வேட்டுவர், ஊராளிகள், குறும்பர் ஆகியோரிடையே இப்பட்டம் வழங்கியது. கொல்லிமலை, கல்வராயன்மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

நட்டால் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி வன்னியரைப் பற்றியது. சேலம், தருமபுரி, வட ஆர்க்காட்டுப் பகுதிகளில் வன்னியர் கவுண்டர் என்னும் பட்டத்தைக் கொண்டுள்ளனர். தென் ஆர்க்காடு, தஞ்சைப் பகுதிகளில் அதே சமூகத்தார் படையாட்சி எனவும், செங்கற்பட்டுப் பகுதியில் நாயக்கர் எனவும் வழங்கப்படுகின்றனர். இவ்வட்டார வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால், நட்டாலில் தனித்தனிக் குடும்பப் பெயர்களாக உள்ள கோவெண்டர், படையாட்சி, நாயக்கர் ஆகிய மூன்றும் ஒரே சமூகத்திலிருந்து தோன்றியிருக்க முடியும். மறுதலையாக, கோவெண்டர் என்னும் ஒரே பெயர் பல சமூகங்களிலிருந்தும் தோன்றியிருக்க முடியும். பெயருக்கும் சாதிக்கும் இடையில் ஒன்றுக்கு ஒன்று என்னும் உறவு தொடக்கத்திலேயே இல்லை.

கப்பல் பதிவேடுகளில் பெயர்

நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக ஏற்பட்ட ஒப்பந்தக் கூலிமுறையின்கீழ் முதல் கப்பலான துரூரோ 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1866இல் நின்றுபோன குடிபெயர்வு 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடைபெற்றது. இக்காலத்தில் நட்டாலை அடைந்தோர் தொகை 1,52,184. இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஏனையோர் கல்கத்தா வழியாகவும் சென்றனர். சென்னை வழிச் சென்றோரில் தமிழரும் தெலுங்கரும் பெரும்பான்மையினர். தமிழ் மாவட்டங்களுள் வட ஆர்க்காடு மிகுதியான ஆட்களை அனுப்பியவற்றுள் ஒன்று.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் வழங்கப்பட்டது. பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. இப்பதிவேடுகளில் குடும்பப் பெயருக்கு எனக் கட்டம் இல்லை. முனிசாமி, பெருமாள், கோவிந்தன் போன்ற இயற்பெயர் பெயர்க் கட்டத்தில் தனித்து நிற்கும். பட்டம் சில வேளைகளில் இயற்பெயருடன் சேர்ந்தும், சில வேளைகளில் சாதிக் கட்டத்திலும் இடம்பெறும். பல வேளைகளில் பதிவாகாமலே போகும். சாதிக் கட்டத்தில் வன்னியர், வேளாளர் போன்ற பெயர்களே எழுதப்பட்டிருந்தால், அக்குடும்பத்தார் ஊரில் கவுண்டர் என வழங்கப்பட்ட செய்தி ஆவணத்தில் இராது.

எனவே இன்றைய கோவெண்டர் குடும்பம் ஒன்றின் முன்னோரைப் பதிவேட்டில் தேடுவோர், கோவெண்டர் என்னும் பெயரைத் தேடுவதால் பயன் பெறுவது அரிது. பெயர் குடும்பத்தோடு கப்பலில் வந்தது. ஆனால் அது கப்பலின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை.

ஒலி மாற்றமும் எழுத்துமுறையும்

கவுண்டர் என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாக ஒலிக்கின்றனர். முதற்பகுதியை ஔகாரமாகச் சேர்த்து 'கௌண்டர்' என ஒலிப்பது ஒன்று. வகரத்தைத் தனித்து ஒலித்து 'கவுண்டர்' என்பது மற்றொன்று. அகரமும் உகரமும் இணைந்து ஔகாரமாதலைத் தொல்காப்பிய மொழிமரபும் குறிக்கிறது. ஆகவே இவ்விரு ஒலிப்புகளும் தமிழுக்குப் புதியன அல்ல.

தமிழ்நாட்டில் பெருவழக்கான ஆங்கில எழுத்துக்கூட்டல் ஔகார ஒலிப்பைப் பின்பற்றியது. அதில் வகரத்திற்குரிய எழுத்து இல்லை. நட்டால் வடிவம் வகரத்தைத் தனித்து ஒலிக்கும் முறையைப் பின்பற்றியது. ஜி, ஓ, வி, இ, என், டி, இ, ஆர் என்னும் எட்டு எழுத்துகளாலான அவ்வடிவத்தில் வகரம் தெளிவாக நிற்கிறது. ண்டகர மெய்ம்மயக்கத்தை ஆங்கில எழுத்தால் வேறுபடுத்திக் காட்ட இயலாதாதலின், அது 'என்', 'டி' என்னும் இரண்டு எழுத்துகளாயிற்று. வகரத்தின்மேல் நின்ற உகரம் அழுத்தமின்றி ஒலிக்கப்படுவதால் 'இ' என்னும் ஆங்கில எழுத்தைப் பெற்றது. இதழ் குவிந்து ஒலிக்கும் வகரத்தின் அண்மையால் முதல் அகரம் ஒகரச் சாயல் பெற்று 'ஓ' என எழுதப்பட்டது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறியன. ஒன்றுசேரும்போது சொல்லின் தோற்றமே மாறிவிடுகிறது.

இப்பெயரை நட்டாலின் பிற தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிடுவது பயன்தரும். உகரத்திற்கு இரட்டை 'ஓ'வும், இகரத்திற்கு இரட்டை 'இ'யும் இட்டு எழுதும் பழைய ஆங்கில முறை நாயுடு, முதலி, படையாட்சி ஆகியவற்றின் நட்டால் வடிவங்களில் இன்றும் காணப்படுகிறது. இந்தியாவில் எழுத்துப்பெயர்ப்பு முறைகள் சீரமைக்கப்பட்ட பின்னர் அப்பழைய வடிவங்கள் பெரும்பாலும் மறைந்தன. நட்டாலில் அவை பிறப்புச் சான்றிலும் நிலப்பத்திரத்திலும் ஏறிவிட்டமையால் மாறாமல் நின்றன.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. முதலியார், படையாட்சியார், செட்டியார் என உயர்வு விகுதியோடு ஊரில் வழங்கிய பட்டங்கள் நட்டாலில் முதலி, படையாட்சி, செட்டி எனவே பதிவாகியுள்ளன. தோட்டத்துக் கணக்கரும் அலுவலரும் கூலியாட்களுக்கு மரியாதை விகுதி சேர்த்து எழுதும் நிலையில் இல்லை. கோவெண்டர் என்னும் வடிவமோ ரகர ஈற்றைக் காத்துள்ளது. அதே சொல்லின் னகர ஈற்று வடிவமான 'கவுண்டன்' என்பதும் தென்னாப்பிரிக்காவில் தனிக் குடும்பப் பெயராக வழங்குகிறது. டர்பனில் 1992இல் தொடங்கப்பட்ட அக்கார்டு என்னும் பிணக்குத் தீர்வு அமைப்பின் நிறுவனர் வாசு கவுண்டனின் பெயர் அவ்வடிவினது. தமிழில் மரியாதையால் மட்டும் வேறுபட்ட இரு வடிவங்கள் அங்கே தொடர்பற்ற இரு குடும்பப் பெயர்களாகிவிட்டன.

'கோவிந்தன்' மூலமாதல் பொருந்துமா?

கோவெண்டர் என்பது கோவிந்தன் என்னும் இயற்பெயரிலிருந்து வந்தது என்னும் கருத்து எளிதில் தோன்றக்கூடியது. இயற்பெயர்கள் குடும்பப் பெயர்களாதல் நட்டாலில் மிகுதி என்பதும் இக்கருத்துக்குத் துணைசெய்யும். எனினும் மூன்று காரணங்களால் இது பொதுவிதியாக ஏற்கத்தக்கதன்று.

முதலாவது, கோவிந்தன் என்னும் இயற்பெயரிலிருந்து வந்த கோவிந்தன், கோவிந்தசாமி ஆகிய குடும்பப் பெயர்கள் தென்னாப்பிரிக்காவில் தனியே உள்ளன. அவற்றில் இகரத்திற்குரிய 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து மாறாமல் நிற்கிறது. இரண்டாவது, தமிழில் ஆண்பால் இயற்பெயர் னகர ஈற்றோடு பதிவாவதே இயல்பு. கூலியாட்களின் இயற்பெயர் ரகர ஈற்றோடு பதிவாகியிருக்க வாய்ப்புக் குறைவு. மூன்றாவது, வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் இருந்து பெருந்தொகையினர் சென்றிருந்தும், கவுண்டர் என்னும் பட்டத்தின் வேறெந்த ரகர ஈற்று வடிவமும் நட்டாலில் கோவெண்டருக்கு நிகராகப் பரவவில்லை. முதலியும் படையாட்சியும் செட்டியும் நிலைத்த இடத்தில் கவுண்டர் மட்டும் மறைந்திருக்க இயலாது. அதன் இடத்தில் இருப்பதே கோவெண்டர்.

ஆயினும் தனிப்பட்ட சில குடும்பங்களில் கோவிந்தன் என்னும் இயற்பெயர் ஓசை ஒப்புமையால் கோவெண்டரோடு கலந்திருக்கக் கூடும். அதனைக் குடும்ப ஆவணங்களே முடிவு செய்ய வேண்டும்.

பட்டம் குடும்பப் பெயரான முறை

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் பலர் நட்டாலிலேயே தங்கி, காய்கறிப் பயிரிடுவோராகவும் சிறு வணிகராகவும் தொழிலாளராகவும் வாழ்ந்தனர். அவர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை இந்தியக் குடியேற்றத்தாரின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாயின. பள்ளிச் சேர்க்கை, நிலவுரிமை, வணிக உரிமம் ஆகிய ஒவ்வொன்றும் இறுதிப் பெயர் ஒன்றைக் கேட்டன. அவ்விடத்தை நிரப்பத் தமிழரிடம் இரண்டு வழிகளே இருந்தன: தந்தையின் இயற்பெயரை இடுவது, அல்லது பட்டத்தை இடுவது.

முதல் வழியைப் பின்பற்றிய குடும்பங்களில் முனிசாமி, பெருமாள், ஆறுமுகம் போன்றவை குடும்பப் பெயர்களாயின. இரண்டாம் வழியைப் பின்பற்றியோரிடம் பட்டம் நிலைத்தது. ஒரே தந்தையின் மக்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அலுவலரிடம் பதிவுபெற்றபோது, உடன்பிறந்தோர் இருவர் இருவேறு குடும்பப் பெயர்களைப் பெற்ற நிலையும் ஏற்பட்டது.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேப் மாகாண உயர்நீதிமன்ற நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்களின் சட்ட ஏற்பை ஐயத்திற்கு உள்ளாக்கியது. அவ்வாண்டின் அறப்போராட்டத்தில் பெண்கள் பெருமளவில் கலந்துகொண்டமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் திருமணப் பதிவுக்கு வழிசெய்ததோடு, ஒப்பந்தம் முடிந்தோர் மீதான 3 பவுன் ஆண்டு வரியையும் நீக்கியது. மனைவி, மக்கள் என்னும் உறவைச் சட்டத்தின்முன் மெய்ப்பிக்க வேண்டிய சூழலில், குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரே பெயர் என்பது வெறும் வழக்கமாக இல்லாமல் பாதுகாப்பாகவும் அமைந்தது.

இம்மாற்றத்தில் பெண்பாற் பெயர்நிலையும் மாறியது. தமிழில் கவுண்டர் ஆண்பாற் பட்டம்; பெண்பாலுக்குக் கவுண்டச்சி என்னும் தனிச்சொல் உண்டு. நட்டாலில் மகளும் மருமகளும் கோவெண்டர் எனவே எழுதப்பட்டனர். பால்காட்டும் தன்மையை இழந்த அந்நிலையிலேயே இச்சொல் பட்டம் என்னும் நிலையைக் கடந்து முழுமையான குடும்பப் பெயராயிற்று எனலாம்.

பரவலும் மக்கள்தொகையும்

தென்னாப்பிரிக்கக் கணக்கெடுப்பு வெளியீடுகள் குடும்பப் பெயர் வாரியாகத் தொகை தருவதில்லை. ஆகவே இப்பெயருடையோரின் பரவலை இந்திய வழியினரின் பொதுப் பரவலைக் கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியர், ஆசியர் என்னும் பிரிவில் அடங்கியோர் 12,86,930 பேர். இது நாட்டு மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு. இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 7.5 இலட்சம் பேர், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாழ்ந்தனர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இம்மக்கள் கப்பல் வந்தடைந்த மாகாணத்திலேயே செறிந்திருப்பதற்குச் சட்டத் தடைகள் முதன்மைக் காரணம். ஆரஞ்சு சுதந்திர நாடு 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆசியர் குடியிருப்பதைத் தடைசெய்தது. அத்தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. மாகாணம் விட்டு மாகாணம் செல்ல இந்தியருக்கு இருந்த கட்டுப்பாடு 1975இல்தான் தளர்ந்தது. 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பகுதிச் சட்டம் நகருக்குள்ளும் இந்தியருக்கெனத் தனிக் குடியிருப்புகளை வகுத்தது. டர்பனின் கேட்டோ மேனர் முதலிய பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் ஆகிய புதுக்குடியிருப்புகளுக்குச் சென்றனர். ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் லெனேசியாவும், பிரிட்டோரியாவுக்கு அருகில் லாடியமும் இவ்வாறே இந்தியர் பகுதிகளாயின. கோவெண்டர் என்னும் பெயர் டர்பன், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய கரும்பு நிலப் பகுதிகளில் செறிந்தும், நாட்டின் நடுப்பகுதியில் அருகியும் காணப்படுவதன் பின்னணி இதுவே.

கேட்டோ மேனரில் 1934இல் பிறந்த நாடகாசிரியரும் எழுத்தாளருமான ரோனி கோவெண்டர் (1934-2021) இப்பெயரை உலக வாசகரிடம் கொண்டுசென்றவர்களுள் ஒருவர். அழிக்கப்பட்ட அக்குடியிருப்பின் வாழ்வைச் சிறுகதைகளாக்கிய அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். இது தனிமனிதர் செய்தி மட்டுமன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர், ஆசியர் பிரிவினருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் குறித்தனர். மொழி வழக்கிழந்த குடும்பங்களில், கோயில் வழிபாட்டையும் உணவுப் பெயர்களையும் போலவே, குடும்பப் பெயரும் தமிழின் எச்சமாக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னாப்பிரிக்க இந்தியர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் பெயர்ந்தபோது இப்பெயரும் உடன் சென்றது. அந்நாடுகளில் கோவெண்டர் என்னும் எழுத்துக்கூட்டல் ஒருவரைத் தமிழ்நாட்டிலிருந்து நேரே சென்றவரிடமிருந்து பிரித்து, தென்னாப்பிரிக்க வழியினர் எனக் காட்டுகிறது. எழுத்துப் பிழையாகத் தொடங்கியது இடப்பெயர்வின் வழித்தடத்தைக் காட்டும் சான்றாக மாறியுள்ளது.

பிற நாடுகளோடு ஒப்பீடு

ஒரே சொல் வெவ்வேறு ஆட்சி அமைப்புகளில் வெவ்வேறு நிலையை அடைந்துள்ளது. பிஜித் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கியது 1903இல். அம்முறை 1916இல் நின்றது. அங்கும் கவுண்டர் குடும்பப் பெயராயிற்று. ஆனால் அது ஔகார ஒலிப்பைப் பின்பற்றிய வடிவம், கோவெண்டர் அன்று. நாயுடுவும் முதலியாரும் அங்கே இன்றைய இந்திய எழுத்துக்கூட்டலுக்கு நெருக்கமாகவே உள்ளன. பிஜியின் தென்னிந்தியக் குடிபெயர்வு நட்டாலுக்கு நாற்பதாண்டுகள் பிற்பட்டது என்பது இவ்வேறுபாட்டை விளக்கத் துணைசெய்கிறது.

மலேசியாவில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் எனத் தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் முறை அரசு ஆவணங்களில் ஏற்கப்பட்டது. குடும்பப் பெயர் என்னும் கட்டாயம் அங்கே எழாமையால், கவுண்டர் என்னும் பட்டம் பரவலான குடும்பப் பெயராக உறையவில்லை.

தமிழ்நாட்டிலோ இயக்கம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடைபெற்ற முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. அதனைத் தொடர்ந்த பல்லாண்டுக் காலத்தில் பெயரின் பின்னுள்ள பட்டம் பொதுவழக்கில் பெரிதும் மறைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நட்டாலில் அப்பட்டம் சட்டப்பெயராக இறுகிக்கொண்டிருந்தது. ஆயினும் விளைவை நோக்கினால் முரண் ஒன்று புலப்படும். பட்டத்தைத் துறந்த தமிழ்நாட்டில் சாதி தொடர்கிறது. பட்டத்தைக் காத்த நட்டாலில் அப்பட்டத்தின் சாதிப் பொருள் பெரிதும் கரைந்துவிட்டது. ஒரே கப்பல், ஒரே குடியிருப்பு வரிசை, ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவாக இருந்த நிலை, உட்பிரிவு கடந்த மணவுறவு ஆகியன அங்குச் சாதி ஒழுங்கைக் குலைத்தன. கொங்குப் பகுதியில் மண உறவை வரையறுக்கும் கூட்டப் பிரிவு போன்ற அமைப்புக்கு அங்கே இடமில்லை. கோவெண்டர் குடும்பத்தார் இருவர் மணந்துகொள்வது பங்காளி மணமாகாது. பெயர் குருதியுறவைக் காட்டுவதன்று.

பெயரைத் தரவாகக் கையாளுதல்

இவ்வரலாறு மூன்று துறைகளில் எச்சரிக்கையைக் கோருகிறது.

முதலாவது, சாதி வரலாறு. புலம்பெயர்ந்த கோவெண்டர்களைக் கொங்கு வேளாளரின் கடல்கடந்த கிளையாகக் கணக்கிடுவது ஆதாரமற்றது. பட்டம் பல சாதியினருக்கு உரியது. பதிவேட்டின் மாவட்டக் குறிப்புகள் வட ஆர்க்காட்டுக்கு முதன்மை தருகின்றன. கப்பலேறிய பின் புதிய பட்டத்தைச் சூடிக்கொண்டோரும் உண்டு. தாழ்த்தப்பட்டிருந்த ஒருவருக்குப் புதிய நிலத்தில் புதிய பட்டம் என்பது விடுதலையின் ஒரு வடிவமாகவும் இருந்திருக்கும். அதனைத் துருவி ஆராய்ந்து பழைய சாதியை மீட்டெடுப்பது ஆய்வின் நோக்கமாகலாகாது.

இரண்டாவது, மக்கள்தொகை ஆய்வு. பெயர்ப் பட்டியலைக் கொண்டு இனக்குழுவை மதிப்பிடும் ஆய்வுகளில் கோவெண்டர் தமிழ்வழி என எடுத்துக்கொள்ளப்படலாம். ஆனால் கிறித்தவராய் உள்ளோர், கலப்பு மணத்தால் பெயர் பெற்றோர், தாய்வழியில் தமிழராய்ப் பிற பெயர் பூண்டோர் ஆகியோரை அம்முறை பிழையாகக் கணக்கிடும்.

மூன்றாவது, குடும்ப மரபாய்வு. இந்திய வழியினர் கடல்கடந்த குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது முன்னோரின் இந்தியத் தோற்றத்தைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். அதற்குக் குடும்பப் பெயர் உதவாது. இறப்புச் சான்று, திருமணப் பதிவு ஆகியவற்றிலிருந்து முன்னோரின் இயற்பெயரையும் குடியேற்ற எண்ணையும் கண்டறிந்து, அவ்வெண்ணைக் கொண்டு கப்பல் பதிவேட்டை அடைவதே முறையான வழி. டர்பன் ஆவணக் காப்பகமும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையமும் இத்தேடலுக்குரிய இடங்கள். எண் கிடைத்தால் ஊர் கிடைக்கும். பெயர் மட்டும் கொண்டு ஊரை அடைய இயலாது.

தொகுப்புரை

1. கோவெண்டர் என்பது கவுண்டர் என்னும் ஊர்த்தலைமைப் பட்டத்தின் நட்டால் வடிவம். வகரத்தைத் தனித்து ஒலிக்கும் தமிழ் ஒலிப்பும், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலும் இவ்வடிவத்தைத் தந்தன.

2. கப்பல் பதிவேட்டில் குடும்பப் பெயருக்கு இடமில்லை. பிறப்பு, திருமணம், பள்ளி, நிலம் ஆகியவற்றின் பிற்காலப் பதிவுகளே பட்டத்தைக் குடும்பப் பெயராக்கின.

3. குவாசுலு-நட்டாலில் இப்பெயர் செறிந்திருப்பது குடியேற்ற வரலாற்றோடு, இந்தியரின் இடப்பெயர்வைத் தடுத்த சட்டங்களின் விளைவுமாகும்.

4. இப்பெயர் ஒருவரின் சாதியையோ பூர்விக ஊரையோ குருதியுறவையோ உறுதியாகக் காட்டுவதில்லை.

5. இப்பெயரைத் தமிழில் எழுதுவோர் கோவேந்தர், கோவிந்தர் என மாற்றாமல், இன்றைய ஒலிப்புக்கு ஏற்பக் கோவெண்டர் என எழுதி, தேவைப்படுமிடத்துக் கவுண்டர் என்னும் மூலத்தைச் சுட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தும்.

கடல்கடந்த தமிழர் பெயர்களைத் திருத்தி எழுத முனைவது எளிது. அவற்றின் திரிபே அவர்கள் கடந்துவந்த ஆட்சியையும் அலுவலகத்தையும் தோட்டத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. நாயக்கர், படையாட்சி, முதலி ஆகிய நட்டால் பெயர்களுக்கும் இதே முறையில் தனித்தனி ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், ஒப்பந்தக் கூலிமுறைக் காலத் தமிழரின் சமூக வரலாறு மேலும் தெளிவுபெறும்.